பெயர் சொல்லும் சுற்று

இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் அவன் பதினொன்றாவது ஆள். வலது பக்கத்திலிருந்து என்றால் பதினாறு. பால்பாண்டி இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான், யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம், புதிதாக யாராவது வந்து நடுவில் உட்கார்ந்திருக்கலாம், அப்படியானால் ஒரு ஆள் தள்ளும், ஒரு ஆள் என்றால் அரை நிமிஷம், அரை நிமிஷத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும், மழை வரலாம், மே மாதத்தில் கோவில்பட்டியில் காலை பத்தரை மணிக்கு மழை வரலாம். வரவில்லை. இருபத்தாறு பேர் பள்ளிக்கூடத்துப் புங்கை மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் மடியிலும் பறை, காலையில் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிய சூடு தோலில் இன்னும் இருந்தது, அந்தச் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் பட்டது. நடுவில் நின்று பறை சொல்லிக்கொடுக்கிற அரசி சொன்னதை அவன் முதல் தடவையே கேட்டுவிட்டான், ஆனாலும் வேறு ஏதாவது சொல்லியிருக்க மாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். "கடைசி நாள் ஒங்க வீட்டாளுக எல்லாம் வருவாங்க. ஒவ்வொருத்தரா முன்னால வந்து, பேரு, ஊரு, கூட யாரு வந்திருக்கா, மூணும் சொல்லணும். சொல்லிட்டு நாலு அடி. அடிச்சுட்டுப் பாட்டுல ஒரு வரி எடுத்துக் குடுக்கணும், மத்தவங்க வாங்கிப் பாடுவோம். இன்னிக்கு அதத்தான் பழகப் போறோம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசை கெடையாது, அவங்கவங்களே சொல்லணும், சரியா?" சரி என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் சொன்னான். ச வரும். ச, ந, ம, உயிரெழுத்து எல்லாம் அவனுக்கு வழுவழுவென்று வரும். ப வராது. க பாதி நாள் வராது. அவன் பெயரிலோ ஒரு பாவுக்கு இரண்டு பா. பேரு என்ற சொல்லே ப-வில்தான் ஆரம்பிக்கிறது, எவன் வைத்தான் அந்தச் சொல்லை, ஒருத்தன் தன் பெயரைச் சொல்லப் போகிறேன் என்று சொல்வதற்கே ஒரு ப-வைத் தாண்ட வேண்டும், அதைத் தாண்டினால் இன்னும் இரண்டு நிற்கும், வரிசையாக, ரயில்வே கேட் மாதிரி.

அஞ்சு நாள் பறைப் பயிற்சியில் முதல் நாளே இது நடந்திருக்க வேண்டியது. அன்றைக்கு அறிமுகம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், நாலு பேர் கூடுகிற இடத்தில் அறிமுகம் இல்லாமல் இருக்காது, அதனால் கயத்தாறு பஸ் நிறுத்தத்தில் கூட்டம் என்று சொல்லி இரண்டு பஸ்ஸை விட்டான். மகள் இனியா பக்கத்தில் நின்று காலியாகப் போகிற பஸ்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் அவனிடம் ஒன்றும் சொல்வதில்லையே, இன்றோடு இருபத்திரண்டு நாள். அம்மாவிடம் பேசுகிறாள், பக்கத்து வீட்டுப் பூனையிடம் பேசுகிறாள், அவன் உள்ளே வந்தால் தலையை ஆட்டுவதோடு சரி. அவன் பெண்டாட்டி சந்தனமாரிக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற நேரம் இது, மே மாதம் முழுக்க மிஷினைவிட்டு எழுந்திருக்க நேரமில்லை, இல்லையென்றால் அவளே பிள்ளையைக் கூட்டி வந்திருப்பாள். "பாடும்போது பிள்ளைக்குத் திக்கல, லீவுல எங்கயாச்சும் பாட்டுக்கு அனுப்புங்கன்னு டீச்சர் சொல்லுதாங்க. பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைன்னா பெரியாள் ஒருத்தரும் சேந்து கத்துக்கிடணுமாம். நீங்க அஞ்சு நாள் லீவு போடுங்க, காத்து தொடங்கத்தான் இன்னும் பத்து நாள் கெடக்கே" என்றாள். பால்பாண்டிக்குக் காற்றாலையில் வேலை. எண்பது மீட்டர் உயரத்தில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, போல்ட்டை முறுக்கிக் கிரீஸ் வைத்துக்கொண்டு. அங்கே யாரும் உன் பெயர் என்ன என்று கேட்பதில்லை. கீழேயிருந்து வாக்கிடாக்கியில் கேட்டாலும் கூட இருக்கிற ஆள் பதில் சொல்லிக்கொள்வான். பதினாலு வருஷமாக அந்த வேலையை அவன் விடாமல் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, இது சந்தனமாரிக்குத் தெரியாது, உயரம் அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உயரம் என்றால் அவனுக்கு நடுக்கம்.

அரசி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் ஆள் ஒரு டீச்சர். எழுந்தார், சொன்னார், அடித்தார், பாடினார். "கம்மங் காட்டுக்குள்ள காத்து வந்து நிக்குது", மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள், "காத்து வந்து நிக்குது, கதவத் தொறந்து வையடி." எவ்வளவு சுலபம். பெயர் அவர் வாயில் ஏற்கனவே இருந்த மாதிரி, உமிழ்நீர் மாதிரி, துப்பினார், போயிற்று. பாட்டைப் பற்றி அவனுக்குப் பயமில்லை, பாட்டில் ப-வும் ஓடும், க-வும் ஓடும், குளிக்கிற இடத்தில் அவன் எல்லாப் பாட்டும் பாடுவான், பறையும் வந்துவிட்டது, இரண்டே நாளில் கை பிடித்துக்கொண்டது, வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சுண்டுகுச்சி, இரட்டையடியில் மற்றவர்கள் குளறும்போது அவன் கை மட்டும் தப்பாது, நேற்று அரசி அவனை எழுப்பி நிறுத்தி "அண்ணன் கையப் பாருங்க" என்றாள், அவள் வயதுக்கு அவன் அண்ணன்தான், அப்போதுகூட அண்ணன் பேரென்ன என்று கேட்டுவிடுவாளோ என்று உடனே உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் ஒரு கல்லூரிப் பையன், பேரைச் சொல்லும்போது சினிமாவில் வருகிற மாதிரிச் சொன்னான், சிரித்தார்கள். சிரிப்பு. அந்தச் சிரிப்பு அப்படியே அங்கே தயாராக உட்கார்ந்திருக்கும், ஒன்பதாவது ஆளிலும் பத்தாவது ஆளிலும் சும்மா இருந்துவிட்டு, இவன் எழுந்ததும் எழுந்துகொள்ளும். அழகு என்று சொல்லிவிடலாம். எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறான், ஓட்டலில், ஆஸ்பத்திரியில், லாட்ஜில், நான் அழகு, வழுக்கிக்கொண்டு வரும். பஸ்ஸில் தன் ஊர்ப் பெயர் வராமல், வாய்க்கு வந்த ஏதோ ஒரு ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தன் ஊரில் இறங்கியிருக்கிறான். இந்தா, இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற செல்லச்சாமி அண்ணாச்சி கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவராம், அவரே எத்தனை தடவை அப்படி ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாரோ. ஆனால் இங்கே அழகு என்று சொல்ல முடியாது. வலது பக்கத்தில் இனியா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அப்பா பெயர் தெரியும், ரெண்டாம் வகுப்பு நோட்டு எல்லாவற்றிலும் எழுதி வைத்திருக்கிறாள்.

பெயர் என்றால், அவள் பெயரும் அவளுடையது இல்லையே. பூரணம் என்று சந்தனமாரியின் அம்மாவுக்குப் பெயர், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பொம்பளப் பிள்ளை என்றால் பூரணி என்று ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்தாயிற்று. பேர் பதிகிற இடத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமல் "பிள்ள பேரு?" என்றார். இவனுக்குப் பின்னால் ஒன்பது பேர். உதடு ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று இருக்கிறது, நெஞ்சு நிறைய இருக்கிறது, உதட்டுக்கு வந்து நிற்கிறது, உதடு திறக்கவில்லை, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது, அந்த மனுஷன் இப்போது நிமிர்ந்துவிட்டார், "யோவ், பேரு வைக்கலையா இன்னும்?", பின்னாலிருந்து ஒருத்தன் உச்சுக்கொட்டினான், அப்போது இவன் வாயிலிருந்து வந்தது இனியா. எங்கே கேட்டான் அந்தப் பெயரை, டிவியிலா, தெரியாது, ப இல்லை க இல்லை, அதனால் வந்தது. சந்தனமாரி ஒரு வாரம் சோறு சரியாகத் தின்னவில்லை. எனக்கு ஆசையா இருந்துச்சு, வைச்சேன் என்றான். அவ்வளவு வழுவழுப்பான பெயரைக் கொடுத்தும், நாலு வயசில் பிள்ளை அந்த இ-யிலேயே போய் மாட்டிக்கொண்டது. இ, இ, இ என்று. அவனுக்கு அடைக்கும், அவளுக்கு விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். எழுத்தில் ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. எல்லாரும் அவளைப் பாப்பா என்று கூப்பிட, அவன் மட்டும் ஏட்டி என்றுதான் கூப்பிடுவான், பாசத்தில் கூப்பிடுவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

ஆறாவது ஆள் பாடிக்கொண்டிருந்தார். அரசி வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கலாம். அப்போது அவனுக்கு முன்னால் இனியா எழுந்திருப்பாள், அவள் திக்குவாள், சின்னப் பிள்ளைதானே என்று எல்லாரும் முகத்தை இளக்கிக்கொள்வார்கள், அந்த இளக்கத்திலேயே இவனும் எழுந்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், அல்லது பிள்ளை அழும், அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம், சுற்று நின்றுவிடும், அழ மாட்டாளா என்று நினைத்தான். நினைத்ததும் தன் மண்டைக்குள் யாரோ வேறு ஆள் உட்கார்ந்திருந்து நினைத்த மாதிரித் திடுக்கிட்டான். என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்பு போகவில்லை, புங்கை இலையின் சந்து வழியாக ஒரு துண்டு வெயில் அவள் முழங்கால்மேல் விழுந்திருந்தது, உள்ளங்கை அளவு வெயில், அதைப் பார்த்தான், வாய் தானாகச் சொல்லிற்று, "ஏட்டி, வெயில் விழுது, இங்கிட்டு வந்து இரி." இனியா அவனைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். பறையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, அவனுக்கும் செல்லச்சாமி அண்ணாச்சிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து அவள் இடத்துக்குப் போனான். அந்த வெயில் இப்போது அவன் முழங்கால்மேல் விழுந்தது, அதில் சூடே இல்லை. இப்போது அவள் பதினொன்று. அவன் பன்னிரண்டு.

ஏழு. எட்டு. குச்சி வியர்வையில் வழுக்கியது, துண்டில் துடைத்தான். இருபத்திரண்டு நாளைக்கு முந்தைய அந்தக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது, வேண்டாம் என்று தள்ளினான், வந்தது. மணப்பெண்ணுக்குச் சித்தப்பா முறையாகிறவர், பந்தியில் கேசரி வைத்துக்கொண்டே குனிந்து "ஒம் பேரென்ன தாயி?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். இனியா நிமிர்ந்தாள், இ என்றாள், இ, இ, இ, எதிர்ப் பந்தியில் இருந்த அவனுடைய பெரியண்ணன் பிள்ளைகள் கூடச் சேர்ந்து இ, இ, இ என்றன, ஒரு பொம்பளை சிரித்தாள், யாரையும் புண்படுத்துகிற சிரிப்புகூட இல்லை அது, அவன் கை போய் பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டது. எச்சில் கை. பொத்திக்கொண்டு, அவரைப் பார்த்து, "இனியா" என்றான், சுத்தமாக, ஒரு தடங்கலும் இல்லாமல். அந்த நேரத்தில் அவன் உள்ளங்கைக்குள் அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்தப் பெயரை முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கையில் சுடச்சுட மூச்சு, பிறகு நின்றுவிட்டது. கையை எடுத்தபோது கேசரியின் நெய் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது, துடைத்துவிடப் போனான், அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவனுடைய அப்பா வாயைப் பொத்தியதில்லை. சொல்லித் தொலையேம்லே என்று கத்துவார், சில நேரம் பிடரியில் ஒன்று விழும், ஆனால் பொத்தியதில்லை. அவரைவிட ஒரு படி மேலே போய்விட்டான். அவளுக்கு இவனைப் பற்றித் தெரியாது என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கேவலம். அப்பா பேச்சுக் குறைவான ஆள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வீட்டில் இவன் பேசுகிற நாற்பது ஐம்பது சொல்லும் பொறுக்கி எடுத்த சொல், அதில் ஒன்றுகூட அடைக்காது. உலகத்திலேயே இந்த மாதிரி வாய் தனக்கு மட்டும்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

"செல்லச்சாமி, சாத்தூர். கூட யாரும் வரல, நான் ஒண்டியாளுதான்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டு, பஸ்ஸில் விசில் அடிக்கிற மாதிரி வாயைக் குவித்துத் தாளம் பார்த்து, நாலு அடி அடித்து, கட்டைக் குரலில் வரியை எடுத்தார். எல்லாரும் வாங்கிப் பாடினார்கள். பால்பாண்டியும் பாடினான், கதவத் தொறந்து வையடி, குரல் தானாக ஓடிற்று. பாட்டு முடிந்தது. பாட்டு இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "அடுத்து யாரு, பாப்பாவா? எந்திரிடா தங்கம்" என்றாள் அரசி. இனியா எழுந்தாள். பறை அவள் இடுப்பை மறைத்துக்கொண்டு தொங்கியது. இருபத்தைந்து முகமும் இளகின, அவன் நினைத்தபடியே இளகின. அவள் மூச்சை இழுத்தாள், தோள் ஏறியது, உதட்டோரம் இரண்டு பக்கமும் விரிந்தது, இ-க்கு விரிகிற விரிவு, அதற்குள் அவள் கண் பக்கவாட்டில் திரும்பி அவன் கையைப் பார்த்தது. முகத்தை இல்லை. கையை. அவன் எழுந்துவிட்டான். எப்படி எழுந்தான் என்று தெரியாது, பறை முழங்காலில் இடித்து ஒரு சத்தம் வந்தது.

"நான் சொல்லுதேன் மொதல்ல" என்றான். அது சரியாக வந்தது. அரசி சரி என்று கையைக் காட்டினாள், இனியா நின்றபடியே இருந்தாள். "நான்" என்றான். அடுத்தது. உதடு ஒட்டிக்கொண்டது. தெரிந்த இருட்டுதான், எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறான், மூச்சு மேலே வந்து முட்டி நிற்கிறது, தாடை இறுகுகிறது, இமை படபடக்கிறது, மரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்காருகிறது, தூரத்தில் ரோட்டில் லாரி கியர் மாற்றுகிறது, எல்லாம் கேட்கிறது, தன் சத்தம் மட்டும் இல்லை. பறையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். தாளத்தோடு சொன்னால் வந்துவிடும், அது அவனுக்குத் தெரியும், குச்சி கையில்தான் இருக்கிறது, நாலு அடியோடு சேர்த்துப் பாட்டாகவே சொல்லிவிடலாம், எல்லாரும் கைதட்டுவார்கள், அண்ணன் என்னமா சொன்னாரு என்பார்கள். அப்படிச் சொன்னால் அப்பாவுக்கும் திக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். குச்சியைக் கீழே தாழ்த்திக்கொண்டான். "ப்" என்றான். "ப்... ப்... பா..." எங்கோ இடது பக்கம் ஒருத்தன் க்ளுக்கென்று சிரித்தான், அந்தக் கல்லூரிப் பையனாக இருக்க வேண்டும், இவ்வளவு நேரம் காத்திருந்த சிரிப்பு வந்துவிட்டது, வந்து பார்த்தால் அது ஒரே ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னால் வேறு ஒன்றும் வரவில்லை. "பா... பால்." செல்லச்சாமி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பால்ராஜா தம்பி?" என்றார். இவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. "பாலமுருகனா?" பிரியமாகத்தான் கேட்டார். எத்தனையோ இடத்தில் இப்படி நீட்டிய பெயரை ஆமா ஆமா என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான், ஒரு ஆஸ்பத்திரியில் இன்னும் அவன் பாலகிருஷ்ணன்தான். மறுபடி தலையை ஆட்டினான். இரண்டாவது பா வந்து நின்றது. இது முதலாவதைவிட மோசம், பாதியில் நிற்கிற ஆளைப் பார்க்கிறவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது, டீச்சர் குனிந்து தன் பறையைப் பார்த்தார், வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது, அரசி மட்டும் அப்படியே நின்றாள், உதவியும் செய்யவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை. "ப்பா... பாண்டி" என்றான். "பால்பாண்டி." பிறகு, "க... கயத்தாறு." பிறகு, "எம் மவகூட வந்திருக்கேன்."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டியிருந்தால் ஓடியே போயிருப்பான். இனியா வாயைத் திறந்தபடி அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகத்தை. அரசி "ம், பாப்பா" என்றாள். "எம் பேரு இ..." என்று தொடங்கினாள், "இ... இ... இ... இ..." இவன் பக்கத்திலேயே நின்றான். வெளியே நின்று கேட்டால் அது இவ்வளவுதானா. உள்ளே இருக்கும்போது ஒரு யுகம், வெளியே நின்று கேட்டால் ஒரு ஆள் செருப்பைக் கழற்றிப் போடுகிற நேரம். அந்த நேரத்தைக்கூட இவனால் கொடுக்க முடியாமல் போயிற்றே. அண்ணாச்சி பழக்க தோஷத்தில் மறுபடி வாயெடுத்தார், "இந்திரா..." என்று ஆரம்பிப்பதற்குள் பால்பாண்டி குனிந்து அவர் தோளில் கை வைத்தான். "இருங்க அண்ணாச்சி. அவ சொல்லுவா." "இ... இனியா" என்றாள். "மூ... மூணாப்புப் போகப் போறேன். கயத்தாறு. அ... அப்பாகூட வந்திருக்கேன்." நாலு அடி அடித்தாள், மூன்றாவது தப்பிப்போய் விளிம்பில் பட்டது, வரியை எடுத்தாள், பாட்டில் ஒரு திக்கலும் இல்லை, கம்பி மாதிரி நேராகப் போன குரல், எல்லாரும் வாங்கிப் பாடினார்கள். இவன் முறைக்கு உள்ள நாலு அடியையும் பாட்டையும் அரசி ஞாபகமாகக் கேட்டு வாங்கினாள். பாடினான். அது எப்படி இருந்தது என்று அவனுக்கு ஞாபகமில்லை. மீதி பதினாலு பேர் என்ன பெயர் சொன்னார்கள் என்றும் தெரியாது, காற்றாலையிலிருந்து இறங்கித் தரையைத் தொட்ட ஆள் மாதிரி இரண்டு உள்ளங்காலையும் மண்ணில் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

டீ இடைவேளையில் குழாயடிக்குப் போனான். முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் இனியா நிற்கிறாள். தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒ... ஒங்களுக்கும் இருக்கா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"ஒன் வயசுல இருந்து."

அவள் யோசித்தாள். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது, அவன் மூடவில்லை. "அ... அ... அப்பம் எதுக்கு எ... என் வாயப் பொத்துனீங்க?" என்றாள். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலும் ப-வில்தான் தொடங்கியது. சுற்றிப் போக வழி தேடினான், பழக்கம், மண்டை தானாகத் தேடும், அச்சமா இருந்துச்சு என்று எவன் பேசுவான், மனசு சரியில்ல என்றால் பொய், கோவம் என்றால் அதைவிடப் பொய். மரத்தடியிலிருந்து அரசி கையைத் தட்டிக் கூப்பிட்டாள், டீ குடித்தவர்கள் எழுந்து போனார்கள், மற்றப் பிள்ளைகள் ஓடின, இனியா திரும்பிப் பார்க்கவில்லை. "ப்" என்றான். உதடு ஒட்டியது. "ப்... ப..." அவள் நகரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, அவன் உதட்டையே பார்த்தபடி, எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த ஆள் மாதிரி நின்றாள்.

"ப... பயந்துட்டேன்ட்டி."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"இ... இனிமே பொத்தக் கூடாது" என்றாள்.

"ம்."

"ம் இல்ல. சொல்லுங்க."

"ப்... ப்... பொத்த மாட்டேன்" என்றான் பால்பாண்டி.